நான் உங்களை முந்திய காலை

என் சந்தனக்கனி மைனிக்கு,

நேற்று ஆபீசில் ஒரு கப்பலுக்கான பேப்பர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கேப்டனின் பெயர் சிரிப்பாக இருந்தது. சாயந்திரம் மைனியிடம் சொல்லணும் என்று மனதில் எடுத்து வைத்தேன். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. இருந்தும் அந்தச் செய்தி எனக்குத் தினமும் புதுசாகவே வருகிறது. இது எப்படி மைனி?

இதை நான் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நம் இரண்டு பேருக்குள் மட்டும் இருந்த ஒரு விஷயம்தான் இவ்வளவுக்கும் கொண்டுவந்து விட்டது. இனி அப்படி ஒன்று நமக்குள் வேண்டாம்.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இவர் என் அண்ணனின் மனைவி. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். என் கல்யாணம் முறிந்து ஒரே ஒரு பெட்டியோடு நான் தூத்துக்குடிக்குத் திரும்பி அண்ணன் வீட்டு வாசலில் நின்றபோது, தெருவே என்ன ஆச்சு என்று கேட்டது. மைனி கேட்டது வேறு.

"ஏளா செல்வி, ஒனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்லா?"

தெரியும் என்றேன். "அப்பம் நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு ரெடியா இரு," என்று சொல்லிவிட்டு என் பெட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு போனீர்கள். வேறு எதுவும் நீங்கள் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கு அப்புறம் ஆறு வருஷமும் கேட்கவில்லை.

உங்களுக்கு அப்போதே நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. டிரையத்லான் என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது உங்கள் வாயிலிருந்துதான். "முதல்ல நீச்சல், ஏறி வந்து சைக்கிள், எறங்குனா ஓட்டம். நடுவுல நின்னு மூச்சு வாங்க ஒக்கார முடியாது. அவ்வளவுதான்ளா." ஏதோ இட்லிக்கு மாவாட்டுகிற மாதிரி சொன்னீர்கள். ஏரலில் தாமிரபரணியில் முங்கி வளர்ந்த உங்களுக்கு அது சுலபம். முப்பது வயசு வரை குளியலறை வாளியைத் தவிர வேறு தண்ணீரில் இறங்காத எனக்கு?

நீச்சல் குளத்தில் எட்டு மாதம் கற்றேன். பிறகு கடலுக்குக் கூட்டிப்போனீர்கள். காலுக்குக் கீழே தரை இல்லை என்று உடம்பு உணர்ந்த அந்த நொடியில் நான் கத்திய கத்தலில், பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அன்றைக்கே தொடையில் சொறி மீன், அந்த ஜெல்லி மீன்தான், வேறு இழுத்துவிட்டது. சூடு போட்ட மாதிரி மூன்று கோடு. வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் மருந்து தடவிக்கொண்டே, "நாளைக்கு அந்தப் பக்கம் போகாண்டாம், இந்தப் பக்கம் போவோம்," என்றீர்கள். போகவே வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்த நான் வாயைப் பிளந்து உங்களைப் பார்த்தேன்.

அண்ணனுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் வலையும் விற்கிற கடைக்காரர் அவர். "நாப்பது வயசுல எதுக்கு இந்தக் கூத்து? கடைக்கு வாரவன்லாம் கேக்கான், அண்ணாச்சி, ஒங்க வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரும் ரோட்டுல ஓடுதாங்களே, பஸ்ஸ விட்டுட்டாங்களான்னு." நீங்கள் சிரித்தீர்கள். விடவில்லை. அவரும் தடுக்கவில்லை. ஆனால் ஒரு பந்தயத்துக்கும் வந்து பார்த்தது கிடையாது.

நம் முதல் பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை. நான் தண்ணீரை விட்டு ஏறும்போது எனக்குப் பின்னால் படகு மட்டும்தான் இருந்தது. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பதற்றத்தில் ஹெல்மெட்டை முன்பின்னாக மாட்டி, அங்கே நின்ற தொண்டர் ஒருவர் திருப்பிவிட்டார். இருபது கிலோமீட்டர் மிதித்துவிட்டு இறங்கினால் கால் என் கால் மாதிரியே இல்லை. மரக்கட்டை இரண்டை யாரோ இடுப்பில் கட்டிவிட்ட மாதிரி. கடைசி ஆளாக முடித்தேன். முடிகிற கோட்டில் நீங்கள் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தீர்கள். என்னைவிட நாற்பது நிமிஷம் முன்னாலேயே முடித்தவர், குளிக்கக்கூடப் போகாமல் உடம்பெல்லாம் உப்புப் பூத்து நின்றீர்கள். அந்த மிட்டாயின் ருசியை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று பந்தயம். மூன்றிலும் நான் உங்களைத் தண்ணீரில் முந்தியதில்லை. முந்துவேன் என்று கனவுகூடக் கண்டதில்லை.

இப்போது அந்தக் காலையைச் சொல்லவேண்டும்.

நம் ஊரிலேயே பந்தயம் என்று அறிவிப்பு வந்து, அதற்கு மூன்று வாரம் இருந்தது. தருவைகுளம் ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் உப்பளம். சூரியன் இன்னும் சரியாகக்கூட வெளியே வரவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த நீங்கள் மிதிப்பதை நிறுத்தினீர்கள். ஒரு காலைத் தரையில் ஊன்றினீர்கள். அப்படியே சைக்கிளோடு வரப்பில் சரிந்தீர்கள். நான் ஓடிவந்து தூக்கியபோது கண் திறந்திருந்தது, ஆனால் நீங்கள் அதில் இல்லை. பத்து நொடியா, இருபது நொடியா, தெரியாது. பிறகு மூச்சை இழுத்து, "என்னளா, ஏன் இப்படி முழிக்க?" என்று என்னைக் கேட்டீர்கள். கன்னத்தில் உப்புத் தூள் ஒட்டியிருந்தது.

"மைனி, மயங்கி விழுந்துட்டீங்க."

"வெயிலு," என்றீர்கள்.

எந்த வெயில் மைனி? வெயிலே இல்லையே.

வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அப்போதுதான் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் நாற்பத்தொரு வயசில் ஏரல் ஆற்றில் முங்கி இறந்தார் என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். சுழியில் மாட்டிக்கொண்டார் என்று. "நான் அன்னைக்குக் கரைல துணி வச்சிட்டு நின்னேன். பன்னெண்டு வயசு. தண்ணி எங்க அப்பாவுக்கு இடுப்பு வரைக்கும்தான் இருந்துச்சு. நின்னுட்டு இருந்தவரு அப்படியே சரிஞ்சாரு. இடுப்பளவு தண்ணில யாராச்சும் முங்குவாங்களா செல்வி? சொன்னேன். சின்னப்புள்ள பேச்சுன்னு யாரும் கேக்கல."

டாக்டரிடம் போகலாம், இன்றைக்கே போகலாம் என்றேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"போவோம். பந்தயம் முடியட்டும். மறுநாள் திங்கக்கிழமை, லீவு போட்டுட்டுப் போவோம். ஒங்க அண்ணன்ட்ட மட்டும் இப்பம் சொல்லாத. சைக்கிள அன்னைக்கே வித்துருவாரு. காலைல நாலு மணிக்கு எந்திச்சு சமைச்சு, ஸ்கூலுக்கு ஓடி, பேப்பர் திருத்தி… எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான்ளா."

நான் சரி என்றேன்.

உங்களுக்காக மட்டும் சரி என்றேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. எனக்கும் அந்தக் காலைகள் வேண்டியிருந்தன. நீங்கள் நிறுத்தினால் நானும் நிறுத்தவேண்டும், திரும்பவும் அந்த வீட்டில் பெட்டியோடு வந்த தங்கச்சியாக மட்டும் உட்காரவேண்டும் என்று பயந்தேன். அந்த மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட நீங்கள் மயங்கவில்லை. பயிற்சியைக் குறைத்துக்கொண்டீர்கள். நன்றாகத்தான் இருந்தீர்கள். அதனால் நானும் அதை மறக்கப் பழகிவிட்டேன்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வழக்கம்போலக் கடையில். உங்கள் மகள் அபி டியூஷனில். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றிய மாதிரி அலையே இல்லாமல் கிடந்தது. பெண்களுக்கு ரோஸ் நிறத் தொப்பி. எழுநூற்று ஐம்பது மீட்டர், இரண்டு மிதவைகளைச் சுற்றி வரவேண்டும். விசில் ஊதியதும் நீங்கள் வழக்கம்போல எனக்கு முன்னால் போய்விட்டீர்கள்.

இரண்டாவது மிதவையைத் தாண்டும்போது தலையைத் தூக்கினேன். வலது பக்கம், பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நீங்கள். நீந்தவில்லை. தலையை வெளியே வைத்து மெதுவாக மிதந்துகொண்டிருந்தீர்கள். என் நீச்சல் கண்ணாடியெல்லாம் தண்ணீராக இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினீர்கள்.

போ, போ என்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அது "போ"தானா மைனி? ஒருவேளை "வா" என்றீர்களா? ஒரு கை, இரண்டு வீச்சு. எப்போது கண்ணை மூடினாலும் அந்தக் கையைப் பார்க்கிறேன். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் போய்விட்டேன். எப்படிப் போனேன் தெரியுமா? சந்தோஷமாக. வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தனக்கனி டீச்சரைத் தண்ணீரில் முந்திவிட்டேன் என்று நெஞ்சு பூரித்துப் போனேன். கரையேறி ஓடி வந்தால் உங்கள் சைக்கிள் இன்னும் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சத்தம் போட்டே சிரித்தேன். சாப்பாட்டு மேசையில் இதை ஒரு மாதம் சொல்லிக் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

இருபது கிலோமீட்டர் முடித்துத் திரும்பி வந்தபோதும் உங்கள் சைக்கிள் அதே இடத்தில் இருந்தது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். வழியில் எங்கோ எனக்குத் தெரியாமல் என்னைத் தாண்டிப்போய், வந்து மாட்டிவிட்டு ஓடவும் போய்விட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். சைக்கிளில் நீங்கள் அவ்வளவு வேகம்தானே. சே, மறுபடியும் முந்திவிட்டார்களே என்று கோபம் வந்தது. உங்களைப் பிடிக்க ஓடினேன்.

கடைசிக் கிலோமீட்டரில் தூரத்து மைக்கில் உங்கள் பெயர் கேட்டது. "சந்தனக்கனி" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது, மற்றது காற்றில் போய்விட்டது. நீங்கள் முடித்துவிட்டீர்கள், அறிவிக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னும் வேகமாக ஓடினேன். என் வாழ்க்கையிலேயே வேகமான ஐந்து கிலோமீட்டர் அது.

கோட்டைத் தாண்டியதும் உங்களைத் தேடினேன். மைக் வைத்திருந்தவர் என் பக்கத்தில் வந்து, "சந்தனக்கனிங்கிறவங்களோட யாராச்சும் வந்திருக்காங்களான்னுதாம்மா அரை மணி நேரமா கூப்பிட்டுட்டு இருக்கோம்," என்றார். நான் சிரித்துக்கொண்டே, "நான்தான், அவங்க நாத்தனார்," என்றேன். சிரித்துக்கொண்டே மைனி. அவர் முகத்தைப் பார்த்த பிறகும் எனக்குச் சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை. வாய் அப்படியே நின்றுவிட்டது.

பையில் கிடந்த போனில் அண்ணனிடமிருந்து பதினேழு அழைப்பு.

யாரையும் குறை சொல்ல எனக்கு இடமில்லை. நான் தாண்டிப்போன ஒரு நிமிஷத்துக்குள் துடுப்புப் படகில் இருந்தவர் உங்களைப் பார்த்துவிட்டாராம். தூக்கிப் போட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டே கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றிருக்கிறது. நான் சைக்கிளைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பதிவுப் படிவத்தில் நீங்கள் எழுதியிருந்த அண்ணன் நம்பருக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

நான் நீச்சலுடையும் உப்பும் வியர்வையுமாக, கழுத்தில் பதக்கத்தோடு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குள் நுழைந்தேன். பதக்கம் கிடந்ததே எனக்குத் தெரியாது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்திருந்தது. ஒரு டாக்டர், இளம்வயது, அண்ணனிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் மயக்கம் வந்திருக்கா சார்?"

"இல்லவே இல்ல. குதிர மாரி இருப்பா சார் அவ." சொல்லிவிட்டு அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இல்லல்லா செல்வி?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன்.

நாம் டாக்டரைப் பார்க்கப் போவதாக இருந்த திங்கட்கிழமை உங்களை எடுத்தோம். உங்களுக்கு நாற்பத்தாறு வயசு. பள்ளிக்கூடமே வந்தது. உங்களிடம் கணக்கில் ஃபெயிலானவர்கள்கூட வந்து அழுதார்கள்.

சில வாரம் கழித்துப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. இதயத்தின் தசைச் சுவர் இருக்கவேண்டியதைவிடத் தடித்திருந்ததாம். பிறவியிலேயே வருவது, குடும்பத்தில் இறங்கக்கூடியது என்று டாக்டர் விளக்கினார். "அவங்க பக்கத்துல சின்ன வயசுல திடீர்னு இறந்தவங்க யாராச்சும் உண்டா?" என்று கேட்டார்.

"அவ அப்பா ஆத்துல முங்கிச் செத்தாரு. வேற யாரும் இல்ல," என்றார் அண்ணன்.

"எதுக்கும் பொண்ணுக்கு ஒரு எக்கோ எடுத்துப் பாத்துருங்க."

அண்ணன் சரி என்றார். வெளியே வந்ததும், "புள்ள இப்பத்தான் சோறு திங்க ஆரம்பிச்சிருக்கு. அவளயும் இங்கன கூட்டிட்டு வந்து பயங்காட்டணுமா? பெறவு பாப்போம்," என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இடுப்பளவுத் தண்ணீர் எனக்குத்தான் தெரியும். அங்கேயே, அந்த வாசற்படியிலேயே நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறந்தால் உப்பளத்தில் நீங்கள் விழுந்ததையும் சொல்லவேண்டிவரும். அண்ணனைப் பார்த்துத் தலையாட்டியதையும் சொல்லவேண்டிவரும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்றே இரண்டு மாதம் போனது. உங்கள் மகளின் உயிரை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் நான் நாளைக்கு என்று சொல்லியிருக்கிறேன் மைனி. இப்படி ஒருத்தியாக நான் இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு சனிக்கிழமை, பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி முடிந்து அபி முற்பகலிலேயே வீட்டுக்கு வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அத்தை, இன்னைக்கு எரநூறு மீட்டர் ஓடுனேன்லா. முடிக்கப்போற நேரம் கண்ணு கறுத்துட்டு வந்துச்சு. கீழ ஒக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல சரியாயிட்டு." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பாட்ட சொல்லாதீங்க. ஓட விட மாட்டாங்க."

அதே பிடி மைனி. அதே இடத்தில். அவளைச் சோபாவில் படுக்கவைத்து, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

அண்ணன் ஒருவருக்கு நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "அண்ணே, சாயங்காலம் வாரும்," என்று அவரை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தருவைகுளம் ரோடு, உங்கள் அப்பா, தண்ணீர் இடுப்பளவு, ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையாட்டியது, இப்போது அபி. அண்ணன் கையில் கயிற்றின் நுனி அப்படியே இருந்தது.

"எம்புட்டு நாளா தெரியும்?"

"பந்தயத்துக்கு மூணு வாரம் முந்தி."

"என்ட்ட சொல்லாதன்னு அவ சொன்னாளா?"

"ஆமா."

"நீ சரின்னுட்ட."

"ஆமாண்ணே."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்து முதலில் டாக்டருக்குப் பேசினார். அன்றைக்கு மத்தியானமே வரச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கயிற்றுச் சுருளைப் பார்த்தே சொன்னார்: "நான் தடுத்திருப்பேன்னு ரெண்டு பேரும் நெனச்சீங்க பாரு. ஆமா. தடுத்திருப்பேன். அவ உசுரோட இருந்து என்னய ஏசிட்டு இருந்திருப்பா."

ஷட்டரை முழுசாக இறக்கிப் பூட்டிவிட்டு, அபியைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனோம்.

அபிக்கும் அதேதான். எக்கோ எடுத்தவர் திரையில் காட்டிய இதயச் சுவரை நானே பார்த்தேன். பிறகு மதுரைக்குப் போய் பெரிய டாக்டரைப் பார்த்தோம். சீக்கிரம் தெரிந்தது நல்லது என்றார். மாத்திரை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. தேவைப்பட்டால் பின்னால் நெஞ்சில் ஒரு கருவி வைக்கலாம். படிக்கலாம், நடக்கலாம், கல்யாணம் செய்யலாம், கிழவியாகலாம். ஓட்டப்பந்தயம் மட்டும் கூடாது. அபி இரண்டு நாள் அழுதாள். பிறகு தன் ஸ்பைக் ஷூவை வகுப்புத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். ஏரலில் உங்கள் தம்பிக்கும் பார்த்தாயிற்று, அவருக்கு ஒன்றும் இல்லை.

மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள் அண்ணன், "நீ கொஞ்ச நாளு வேற எங்கயாச்சும் இரு. ஒன் மொகத்தப் பாத்தா எனக்கு அவ கையக் காட்டுனதுதான் ஞாவகம் வருது," என்றார். அந்தக் கையைப் பற்றியும் நான் சொல்லியிருந்தேன். ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. மாப்பிள்ளையூரணியில் ஒரு அறை பிடித்துக்கொண்டு போனேன். அபி ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவாள். அண்ணன் ஏழு மாதம் என்னோடு பேசவில்லை.

சைக்கிளைத் தொடமாட்டேன் என்றுதான் இருந்தேன். அபிதான் விடவில்லை. "என்னால முடியாது. ஒங்களால முடியும்லா? பெறகென்ன?" முதலில் எனக்கு ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் சோதனை எல்லாம் எடுத்தேன். எல்லாம் சரி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தண்ணீரில் கால் வைத்தேன். ஞாயிறு காலைகளில் கடலில் நம்மோடு நீந்த வருகிற பன்னிரண்டு பேரிடமும் உங்கள் கதையைச் சொன்னேன். பன்னிரண்டு பேரும் அதே சோதனைகளை எடுத்துவிட்டார்கள். ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது தெரியவந்தது.

போன ஞாயிறு அதே கடற்கரையில் பந்தயம். விசில் ஊதியதும் இறங்கிவிட்டேன். இரண்டாவது மிதவைக்கிட்டே போனதும் கை வரவில்லை. மூச்சு மேலேயே நின்றது. துடுப்புப் படகுக்காரர் பக்கத்தில் வந்து, "அக்கா, ஏறிக்கிடுதீங்களா?" என்றார். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எல்லோரும் தாண்டிப்போய்விட்டார்கள். பிறகு, "இல்ல தம்பி, கூடவே வாங்க, போதும்," என்று சொல்லிவிட்டு நீந்தினேன். அவர் கரைவரைக்கும் கூடவே வந்தார்.

சைக்கிளும் ஓட்டமும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். எதிர்க்காற்று, வெயில், இடது கெண்டைக்காலில் பிடிப்பு. முடிகிற கோட்டில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். அபி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், கடை வேட்டியோடு அண்ணன்.

நான் எதுவும் சொல்வதற்குள் என் கையைப் பிடித்து, "கீழ ஒக்காரு. பேசாத," என்றார். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, தன் வாட்ச்சைப் பார்த்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. அபிக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறார். "நூத்தி அம்பத்திரெண்டு. இன்னும் எறங்கல. பேசாத." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பிடித்தார். "நூத்திப் பத்து. ம். இப்பம் சொல்லு. அன்னைக்குத் தண்ணில எறங்கதுக்கு முந்தி அவ ஒன்ட்ட கடைசியா என்ன பேசுனா?"

இதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கடையில் எல்லாவற்றையும் கொட்டியபோது நான் இதைச் சொல்லவும் இல்லை. சொன்னால் தப்பித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைப்பார் என்று விட்டுவிட்டேன்.

"'முடிச்சதும் ஒங்க அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொல்லு, மூணு பேரும் வெளிய சாப்பிடுவோம். அப்பம் அவருட்ட எல்லாத்தையும் சொல்லிருதேன். மூணு வாரமா அவரு மொகத்தப் பாக்க முடியல எனக்கு'ன்னு சொன்னாங்க."

அண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார். அபி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லிருப்பா," என்றார். "சொல்லுதேன்னா சொல்லிருவா அவ."

பிறகு எழுந்து போய் என் சைக்கிளைத் தூக்கிக் கடை வண்டியில் ஏற்றினார். மாப்பிள்ளையூரணிக்கு அது வழி இல்லையே என்று, "எங்கண்ணே கொண்டுபோறீங்க?" என்றேன்.

"வீட்டுக்கு," என்றார்.

இன்னும் அவர் என்னோடு முன்பு மாதிரிப் பேசுவதில்லை. நான் சோறு போடும்போது தன் தட்டை என் பக்கம் நகர்த்திவைக்கிறார், அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அபி மாத்திரையை மறந்தால் என்னிடம் திட்டு வாங்குகிறாள், நேற்று வாங்கினாள்.

மைனி, ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். இனி யார் என் கையைப் பிடித்து, சொல்லாதே என்று கெஞ்சினாலும், அது உயிர் விஷயமென்றால் அன்றைக்கே சொல்வேன். என்னை வெறுத்தாலும் சொல்வேன். உங்கள் மகளுக்கு நாற்பத்தொரு வயசாகும், நாற்பத்தாறு வயசாகும், அதற்கு மேலும் ஆகும். ஒவ்வொரு வருஷமும் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நான் இருப்பேன்.

பெட்டியோடு வந்தவளை ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்ட உங்களுக்கு,
உங்கள் நாத்தனார், அபியின் அத்தை,
செல்வி